முதலில் வந்து சொன்னவர்

பாம்பன்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மா நெத்திலிக் கருவாடு காயப்போட்டுப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். டெல்லிக்கு யார் வந்தாலும் கொடுத்து விடுகிறேன்.

போனில் நீ கேட்டது மனதைவிட்டுப் போகவில்லை. பேசி வைத்து விலை வைத்த கம்பெனிகளில் ஒன்று, தானாகவே, இதையெல்லாம் விசாரிக்கிற போட்டி ஆணையத்திடம் போய் ஒப்புக்கொண்டால், அதற்கு வக்கீலாக நிற்பதுதான் இனி உன் வேலை. முந்தி வந்தவருக்கு அபராதம் முழுவதும்கூடத் தள்ளுபடி ஆகலாம், அடுத்தவருக்கு 50 சதவீதம் வரை, மூன்றாமவருக்கு 30 வரை என்றாய். "தப்பு பண்ணினவனைக் காப்பாத்தவாப்பா படிச்சேன்?" என்றாய்.

நீ ஆறாவது படித்த வருஷம் நினைவிருக்கிறதா தாயி? மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் இறால் வந்த நாள். கரையில் நின்ற வியாபாரிகள் அத்தனை பேரும் கிலோவுக்கு 100 ரூபாய் குறைத்து ஒரே விலை சொன்னார்கள். பெட்டியில் ஐஸ் உருகி என் காலடி மணல் நனைந்துகொண்டிருந்தது. இறால் தலை கறுக்கத் தொடங்கினால் அந்த விலையும் கிடைக்காது. அவர்களிடம் முன்பணம் வாங்கியவர்களால் வாயே திறக்க முடியவில்லை. கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று ராத்திரி அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "முந்தின நாளே உட்கார்ந்து பேசி வச்சோம்ணே, நானும் இருந்தேன்" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், ஏற்றுமதி விலை இறங்கிவிட்டது என்றுதான் இன்றுவரை நம்பியிருப்பேன். மூடிய அறையில் பேசியது, உள்ளே இருந்தவன் சொன்னால்தானே வெளியே வரும்? மறுநாள் சங்கத்தில் சொல்லி எல்லாரும் சேர்ந்து கேட்டோம், விலை ஏறியது. மற்ற வியாபாரிகள் அவரை ஒதுக்கினார்கள். நாங்களும் 'நீயும் கூட்டாளிதானே' என்று முகம் கொடுக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் தயங்காமல் அந்த வேலையைச் செய். ஆனால் ஒன்று. 2002 போட்டிச் சட்டப்படி, வந்து சொல்கிறவர் முழு உண்மையையும் சொல்ல வேண்டும், கூட்டைவிட்டும் விலக வேண்டும் என்று நீதான் விளக்கினாய். பாதியைச் சொல்லி மீதியை ஒளிக்கிற கட்சிக்காரருக்கு, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கையெழுத்துப் போடாதே.

சரி தாயி, நேரத்துக்குச் சாப்பிடு. இதைத் தபாலில் போட்டுவிட்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போகிறேன். கொஞ்சம் கருவாடு அவருக்கும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா