குகைகளை மழைக்காலப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மும்பைக்குப் பக்கத்தில் மழையில் நனையப் போகலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் லோனாவாலா பக்கத்து அணை, அருவிகளோடு, மலையைக் குடைந்து செய்த பழைய பௌத்தக் குகைகளான பாஜாவும் கார்லாவும் இருந்தன. அருவி சரி, குகை எதற்கு அந்தப் பட்டியலில்?

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஜாவுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். படிக்கட்டுக்குப் போகிற வழியிலேயே அருவி. அதில் நனைந்த கூட்டம் சொட்டச் சொட்ட அப்படியே மேலே ஏறி, சைத்தியத்துக்குள், அதாவது பௌத்தர்களின் வழிபாட்டு மண்டபத்துக்குள் ஒதுங்குகிறது. ஒருவர் கையில் ஸ்பீக்கர், இன்னொருவர் எதிரொலிக்காக ஊளையிடுகிறார், ஒரு குடும்பம் கொஞ்சம் தள்ளி இருந்த ஸ்தூபி ஒன்றின் (பௌத்தர்களின் குவிமாட வடிவ நினைவுச் சின்னம்) மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்ததை நானே பார்த்தேன். பிக்குகள் குடிதண்ணீருக்காகப் பாறையில் வெட்டிய தொட்டியில் சிப்ஸ் பாக்கெட் மிதக்கிறது. தொல்லியல் துறையின் காவலர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், அவரைக் குறை சொல்லி என்ன செய்வது.

ஆபத்தும் இருக்கிறது. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவின் புஷி அணைக்குப் பின்னால் இருக்கும் அருவியில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2025 ஜூன் 15 அன்று தளேகாவ் பக்கம் குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றின் மேல் இருந்த பழைய இரும்புப் பாலம் கூட்டத்தோடு சரிந்து நான்கு பேர் போனார்கள். இரண்டும் மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகள்தான். குகைப் படிகளும் அந்த நாட்களில் பாசி பிடித்து வழுக்கும், முட்டிவலிக்காரர்கள் பாடு திண்டாட்டம். அப்படியே ஏறிப் போனாலும் மேகமூட்டத்தில் உள்ளே ஒன்றும் தெரியாது.

வெளிச்சம்தான் இங்கே முக்கியம். அதை எந்தச் சுற்றுலாப் பக்கமும் எழுதுவதில்லை. கார்லாவும் பாஜாவும் மேற்கே பார்த்தவை, அதனால் பிற்பகலில் போக வேண்டும். காம்ஷேத்திலிருந்து பவனா பக்கம் போகும் வழியில் உள்ள பேட்சே குகை கிழக்கே பார்த்தது, அங்கே காலையில். பேட்சேயின் முன்வாசலில் நிற்கும் பெரிய தூண்களின் உச்சியில் குதிரை, யானை, காளை, அவற்றின் மேல் ஆணும் பெண்ணுமாகச் சவாரி. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தப் பெண்களின் கால் சிலம்பு வரைக்கும் எடுத்துக் காட்டும். கூட்டமும் இருக்காது. (இங்கே உள்ளே இருந்த பழைய ஓவியப் பூச்சு, 1861 வாக்கில் வெள்ளைக்கார துரைமார் வருகிறார்கள் என்று உள்ளூர் அதிகாரிகள் அடித்த பெயிண்டில் போய்விட்டது. வி.ஐ.பி. வந்தால் சுவருக்கு வெள்ளையடிக்கிற வழக்கம் எவ்வளவு பழசு பாருங்கள்.)

பாஜா இவற்றில் மூத்தது, கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு. உள்ளே தூண்கள் நேராக நிற்காமல் லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும். மரக்கட்டடத்தில் கூரையின் பாரத்தைத் தாங்கக் கம்பத்தைச் சாய்த்து நடுவார்கள், மலையைக் குடையும்போது அந்தத் தேவையே இல்லை, இருந்தாலும் கை பழகியபடியே வெட்டியிருக்கிறார்கள். முகப்பு மரத்தில் இருந்தது, அது போய்விட்டதால் வாசல் இன்று வாயைத் திறந்தபடி நிற்கிறது, முளை அடித்த துளைகளைப் பாறையில் இன்றும் பார்க்கலாம். கொஞ்சம் தள்ளி 14 ஸ்தூபிகள் கூட்டமாக, ஐந்து உள்ளே, ஒன்பது வெளியே. சிலவற்றில் மறைந்த பிக்குகளின் பெயர் இருக்கிறது. அதாவது துண்டு காயப் போடுகிற இடம் அவர்களுடைய நினைவிடம்.

கார்லாவுக்கு வருவோம். 120 அடிக்கு மேல் நீளமுள்ள மண்டபம், நாட்டிலேயே பெரிய குடைவரைச் சைத்தியம். தலைக்கு மேலே வளைந்து போகும் மர விலா எலும்புகளில் பல சுமார் 2000 வருடத்துப் பழைய மரமே. தூணுக்குத் தூண் பிராமி எழுத்தில் யார் கொடுத்தது என்று வெட்டியிருக்கிறது. ராஜாக்கள் மட்டும் கட்டியதில்லை இது. தேனுகாகடம் என்ற ஊரின் யவனர்கள், அதே ஊர் வாசனைத் திரவிய வியாபாரி சிம்மதத்தன், ஒரு தச்சர், கர்நாடகத்துப் பனவாசியிலிருந்து பூதபாலன் என்ற செட்டி. ஜம்புத்தீவிலேயே (அந்நாளில் இந்தியாவுக்குப் பெயர்) சிறந்த குகை இது என்று பூதபாலன் தன் கல்வெட்டில் எழுதிக்கொண்டார், விளம்பரத்துக்கு அப்போதே குறைவில்லை. சோபாரா, கல்யாண் துறைமுகங்களிலிருந்து சரக்கு போர்காட் கணவாய் ஏறித் தக்காணம் போன பாதை இது. இன்று நம் ரயிலும் எக்ஸ்பிரஸ்வேயும் அதே கணவாயில்தான் ஏறுகின்றன.

இந்தக் கல்வெட்டுகளில் ஒன்றையாவது தமிழில் எளிமையாகச் சொல்லி நம் பத்திரிகைகள் எழுதி நான் பார்த்ததில்லை. கார்லா காலத்தில் தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசர்கள் தங்கள் வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் பிராகிருதமும் மறுபக்கம் தமிழை ஒட்டிய ஒரு மொழியும் போட்டவர்கள் என்று சொன்னால் தமிழர்கள் நிறைந்த செம்பூரிலும் மாதுங்காவிலும் கேட்க ஆள் இருக்காதா?

நம்மவர்கள் குகை பார்ப்பது ஷீரடி பேக்கேஜில்தான். ஷீரடி, சிங்கணாப்பூர், கிருஷ்ணேஸ்வர், நடுவில் எல்லோராவுக்கு ஒரு மணி நேரம், அப்புறம் பைத்தணி சேலைக் கடைக்கு இரண்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமை எல்லோராவுக்கும் திங்கட்கிழமை அஜந்தாவுக்கும் விடுமுறை என்பதைக்கூடச் சொல்லாமல் அழைத்துப் போகிற ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள்.

பாஜாவுக்கு பேக்கேஜ் தேவையே இல்லை. லோனாவாலா வரை ரயில், அங்கிருந்து புனே லோக்கலில் மளவ்லி, எக்ஸ்பிரஸ்வேக்கு மேலே பாலத்தைத் தாண்டி நடந்தால் பாஜே கிராமம். நடுப்பகலில் அந்த லோக்கலுக்கு நீண்ட இடைவெளி உண்டு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கிராமத்து வீடுகளில் பித்லாவும் (கடலைமாவுக் குழம்பு) பாக்ரியும் (தடித்த ரொட்டி) முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள், வாரநாளில் போகிறவர்களால் அவர்களுக்கும் நாலு காசு நிற்கும். ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் மலைத்தேனீ கூடு கண்டால் சென்ட், புகை, கூச்சல் எதுவும் வேண்டாம். கார்லாவில் வாசலை ஒட்டியே ஏக்வீரா ஆயி கோயில், கோலி மக்களின் குலதெய்வம், செருப்பை முறையாக விட்டு வரிசையில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போகலாம்.

எனவே ஆசிரியர் அவர்களே, அடுத்த மழைக்காலப் பட்டியலில் குகைகளை விட்டுவிடுங்கள். நவம்பர் பிறந்ததும் அவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம் கொடுங்கள், எந்தக் குகை எந்தத் திசை பார்த்தது, எந்த ரயில், எந்தத் தூணில் யார் பெயர் என்று. இடம் போதவில்லை என்றால் அந்த ஒரு வாரம் ராசிபலனைப் பாதியாகக் குறையுங்கள், நான் புகார்க் கடிதம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை