பிள்ளைகள் கடன் நிதிக்கு 600 டாலர் தேவை

பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் 30 பேர் இந்த ஆண்டு கிவா (Kiva) தளம் வழியாகச் சிறுகடன் கொடுக்கப் போகிறார்கள். பல நாடுகளில் சிறுதொழில், விவசாயம் செய்பவர்களுக்கு இணையம் வழியாகக் கடன் கொடுக்க உதவும் தளம் அது. 2005-இல் தொடங்கிய கிவாவில் ஒரு பிள்ளைக்கு ஒரு கடன், அதில் 25 டாலர் போடுவோம். போடுபவருக்கு வட்டி கிடையாது. அசல் மட்டும் தவணையாகத் திரும்பும்.

ஒவ்வொரு பிள்ளையும் கைச்செலவுக் காசிலிருந்து 5 டாலர் கொண்டுவர வேண்டும். மீதி 20 டாலர் நிதியிலிருந்து. அதற்குத்தான் இந்த 600. ஐந்து டாலரில் மட்டும் சலுகை இல்லை. முழுவதையும் அப்பா அம்மாவே கட்டிவிட்டால், பணம் திரும்பியதா என்று பிள்ளை எட்டிக்கூடப் பார்க்காது.

18 வயதுக்குக் கீழே கணக்குத் தொடங்க முடியாது என்பதால் பெற்றோர் குழுவின் பொறுப்பில் ஒரே கணக்கு. அதில் இன்னொரு வசதியும் உண்டு. 10 மாதத் தவணைக் கடனில் 25 டாலர் போட்டால் மாதம் இரண்டரை டாலர்தான் திரும்பும். தனித்தனியாக வைத்தால் அடுத்த கடனுக்குப் 10 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்தால் சீட்டு மாதிரி மாதம் ஒருவருக்கு முறை வரும். அப்படி மூன்று அணிகள், மூன்று பேரேடுகள். கணக்கை எழுதுவதும் கூட்டுவதும் பிள்ளைகள்தான்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். விட்டால் சிரித்த முகமாகப் பார்த்து எடுப்பார்கள். அதனால் முதலில் கடன் கேட்பவர் படத்தை மறைத்துவிட்டுத் தொகை, எதற்கான கடன், தவணை முறை, அங்கே கடனைக் கொடுத்து வசூலிக்கும் உள்ளூர் நிறுவனம் கடன் வாங்குபவரிடம் வாங்கும் வட்டி ஆகியவற்றை மட்டும் அச்சிட்டுத் தருவோம். விவசாயக் கடன்கள் பல அறுவடை முடிந்துதான் திரும்பும் என்பதால், முதல் சுற்றில் மாதத் தவணைக் கடன்கள் மட்டுமே.

"நாம வட்டி வாங்கல, அவங்க மட்டும் ஏன் வாங்குறாங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். சில இடங்களில் அது 30 சதவீதத்தையும் தாண்டும். மழுப்ப வேண்டாம். கடன் சின்னதானாலும் வீடு தேடிப் போய் விசாரிக்க, வசூலிக்க ஆகும் செலவு குறையாது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் 'இது அதிகம்' என்று ஒரு பிள்ளை ஒதுக்கினால், அது நல்ல கணக்குதான். பெரும்பாலும் கடன் வாங்கியவர் கைக்குப் பணம் முன்பே போயிருக்கும், நம் பணம் அந்த நிறுவனம் கொடுத்ததை ஈடுகட்டத்தான் போகிறது என்பதையும் மறைக்க மாட்டோம்.

சில கடன்கள் வராமலே போகலாம். கடன் வாங்கியவர் நாட்டு நாணயம் சரிந்தாலும் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறையை நன்கொடையிலிருந்து நிரப்ப மாட்டோம். அந்த அணிக்கு அடுத்த முறை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பணம் கட்டும் திரையில் கிவா தன் நடைமுறைச் செலவுக்கென்று ஒரு தொகை கேட்கும். அது கடனில் சேராது, திரும்பவும் வராது. அதைக் குழு உறுப்பினர்கள் தனியே ஏற்கிறோம்.

நீங்கள் தருவது பள்ளிக்கான நன்கொடை, உங்களுக்குத் திரும்பாது. பிள்ளை பள்ளியை விட்டுப் போனாலும் அந்த 20 டாலர் அடுத்து வரும் பிள்ளைக்குச் சுழலும். காசோலையைப் பள்ளியின் பெயருக்கு எழுதி, குறிப்பில் 'கடன் நிதி' என்று போட்டு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். 5 டாலரானாலும் சரி. கொடுத்தவர் பெயரை எங்கும் ஒட்ட மாட்டோம். பேரேடுகளைப் பள்ளி நடக்கும் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம்.

– பெற்றோர் குழு