ஷக்கா ஹிஸ்லாப்பைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

உங்களில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. கல்லூரிக் கால்பந்து அணியில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக, நின்ற காலத்திலிருந்து ஷக்காவின் ரசிகன் நான். கரீபியத் தீவு நாடான டிரினிடாட் அண்ட் டொபேகோவுக்குக் கோலியாக நின்று, பிறகு தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசியவர் அவர். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் டான் தாமஸ் அவர்களுக்கு. 2023 ஜூலையில், அமெரிக்காவில், பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் ரியல் மாட்ரிட்டும் ஏசி மிலானும் மோதவிருந்தன. ஆட்டத்துக்கு முன்பு இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலின் நேரலையில், தொகுப்பாளராக நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் நின்ற ஷக்காவின் உடம்பு லேசாக ஆடியது. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர், அப்படியே உங்கள் மேல் சரிந்தார். பேச்சை விட்டுவிட்டு அவரைப் பிடித்தீர்கள், உதவிக்குக் குரல் கொடுத்தீர்கள். அப்புறம் இடைவேளையில் திரையில் வந்து, அவருக்கு நினைவு திரும்பிவிட்டது, பேசுகிறார் என்று சொன்னீர்களே, அதுவரை எனக்கு மூச்சே வரவில்லை. ஓடிவந்து பார்த்த மருத்துவக் குழுவினரின் பெயர்கள்கூட எனக்குத் தெரியாது. உங்களுக்கும் கைகூப்புகிறேன்.

அடுத்து கெட் கிரெபி அவர்களுக்கு. இங்கிலாந்தின் நியூகாசில் அணிக்கு ஷக்கா ஆடிய நாட்கள். ஒரு இரவு பெட்ரோல் போட வண்டியை நிறுத்தியவரை, எதிர்ப்பக்கம் நின்ற பையன்கள் நிறத்தைச் சொல்லிக் கேவலமாகத் திட்டினார்கள். அவர்களில் ஒருவனுக்கு அவர் யாரென்று தெரிந்ததும், அதே வாய்கள் அவர் பெயரைக் கோஷமிட்டன, ஆட்டோகிராஃப் கேட்டன. எனக்கு அந்த வசவைவிட இந்த ஆட்டோகிராஃப்தான் அதிகம் வலிக்கிறது. தங்கள் அணிக்காரர் என்று தெரிந்தால்தான் மரியாதையா? அந்த வலியை அவர் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. அவர் தந்த நன்கொடையின் துணையோடு 1996-இல் நீங்கள் 'ஷோ ரேசிசம் த ரெட் கார்டு' என்ற நிறவெறி எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கினீர்கள். ஆட்டக்காரர்களைப் பள்ளிக்கூடங்களுக்கே கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு பேசவைத்தீர்கள். அவருடைய கோபத்துக்கு நல்ல வழி காட்டினீர்கள், ஐயா.

அவருக்கு முன்னால் தடுப்பாட்டக்காரர்களாக நின்ற டென்னிஸ் லாரன்ஸ், ப்ரெண்ட் சாஞ்சோ, 2006 ஜூன் 10-ஐ நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெர்மனியின் டார்ட்மண்டில், டிரினிடாட் அண்ட் டொபேகோவின் முதல் உலகக் கோப்பை ஆட்டம். ஆட வேண்டிய கெல்வின் ஜாக் வார்ம்-அப்பில் காயப்பட, 37 வயது ஷக்கா அவசரமாகக் கையுறை மாட்டினார். எதிரே ஸ்வீடன் அணியின் இப்ராஹிமோவிச், லார்சன். இரண்டாம் பாதி தொடங்கியதுமே உங்கள் அணியின் ஏவரி ஜானுக்குச் சிவப்பு அட்டை, பத்தே பேர். ஹாஸ்டல் டிவிக்கு முன்னால் நாங்கள் உட்காரவே இல்லை. ஷக்கா பாய்ந்து தட்டிய பந்துகளை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அவரை வந்து சேராமலே உங்கள் கால்களிலும் தலைகளிலும் பட்டுத் திரும்பிய பந்துகள் எத்தனை! கோலியாக நின்றவனுக்கு அதன் அருமை தெரியும். கோல் ஏதுமில்லாமல் டிரா. பதின்மூன்று லட்சம் பேர் வாழும் ஒரு தீவு நாட்டுக்கு உலகக் கோப்பையில் முதல் புள்ளி.

ஹோவர்ட் பல்கலைக்கழகத்தாருக்கும் நன்றி. இயந்திரவியல் படித்து நாசாவில் பயிற்சிக்குப் போன பையனைப் பந்திலிருந்து நீங்கள் பிரிக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மைக் கொடுத்தவர்களே, உங்களையும் விடமாட்டேன். கோல் விழுந்தால் கோலியைத் திட்டுவது சுலபம். அந்த நொடியில் அவன் கண்ணை மறைத்தது யார், எடை எந்தக் காலில் இருந்தது என்று, அங்கே நின்ற ஒருவர் பொறுமையாகச் சொல்லக் கேட்டேன். என் பழைய ஆட்டங்கள் சிலவற்றுக்கு அப்போதுதான் காரணம் புரிந்தது.

நன்றியுடன்,
கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற ஒருவன்