டிக்கெட் விலை

கும்பகோணம்
புரட்டாசி 12

அன்புள்ள செல்வி,

மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே?

அம்மாவின் இதய பலவீனத்துக்கு நீ போட்டு அனுப்பிய மேகிக் (MAGGIC) கணக்கைப் பார்த்தேன். வயது, பிரஷர், கிரியேட்டினின், சுகர் என்று 13 விவரம் கொடுத்தால் ஒரு வருடத்துக்குள்ளும் மூன்று வருடத்துக்குள்ளும் உயிருக்கு ஆபத்து இத்தனை சதவீதம் என்கிறது. 39,372 நோயாளிகளை வைத்துப் போட்டதாம். குறை சொல்லவில்லை. ஆனால் சொசைட்டியில் காலமெல்லாம் வரவு செலவு பார்த்தவன் கண்ணில் ஒன்று படாமல் போகுமா? உயரத்துக்கு எடை கூடினால் அதில் மார்க் குறைகிறது. மார்க் குறைந்தால் நல்லதாம். அம்மாவுக்குக் கூடியது சதையா, நீரா என்று அது கேட்கவே இல்லை. போன மாதம் அட்மிட் ஆனாளா என்றும் கேட்கவில்லை. டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான். வீட்டுக்கு வந்த முதல் சில வாரம்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்கணும் என்கிறார்.

காலையில் காபிக்கு முன்னால் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். திங்கள் 58.2. வியாழன் 60.4. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது. இரண்டு தலையணை மூன்றாகிவிட்டது. கேட்டால் "வாயு" என்கிறாள். நார்த்தங்காய் ஜாடியை எங்கே ஒளித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதென்று நினைப்பு. டாக்டருக்குப் போன் செய்தேன், நீர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். ஈ.எஃப்., அதுதான் ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், எத்தனை என்று கேட்பாய். அதே 30தான். அது அசையவில்லை, எடைதான் அசைகிறது.

நீயும் உப்பைக் குறை. பிரஷர் பார்த்துக்கொள். உன் பிரமோஷனைச் சொல்ல, மூச்சு வாங்க எதிர்வீட்டுப் படி ஏறிப் போனாள் உன் அம்மா. அதற்கப்புறம் உன்னிடமிருந்து மெசேஜ்தான் வருகிறது, குரல் இல்லை. வேலை இருக்கும்.

சித்தப்பா வீட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது. புதன்கிழமை ரிவ்யூ, ரத்தம் எடுக்கிறார்கள். சோடியம், கிரியேட்டினின் வந்ததும் அனுப்புகிறேன். உப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம், நம் குடும்பத்து உடம்பு.

மார்கழியில் வருவதாகச் சொல்லியிருந்தாய். மார்கழியில் டிக்கெட் கொள்ளை விலையாம், மாடி வீட்டுப் பையன் சொன்னான். ஐப்பசியில் மலிவாகக் கிடைக்குமாம். விசாரித்துப் பார்.

அப்பா