எடைக்குப் போகும் சிறுவர் கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் காப்பது பற்றி இப்போது பலரும் அக்கறையோடு எழுதுகிறார்கள். அதே வீடுகளிலிருந்து யாரும் கவனிக்காமல் வெளியேறிக்கொண்டிருக்கும் இன்னொரு செல்வத்தைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன். புள்ளிகள், அதாவது வீட்டில் பங்குள்ள குடும்பத்தார், எல்லாரும் வெளியூர்களில் குடியேறிவிட்ட பின், விற்பனைக்காகவோ பாகம் பிரிப்பதற்காகவோ ஒரு வீடு திறக்கப்படும்போது, கதவும் நிலையும் பீங்கான் ஜாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு நல்ல விலைக்குப் போகின்றன. மாடி அலமாரியில் ஆண்டுவாரியாகத் தைத்து அட்டை போட்டு வைத்திருந்த சிறுவர் இதழ்களும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. கணக்குப் பேரேட்டைக்கூட யாராவது ஒருவர் எடுத்து வைத்துக்கொள்கிறார். பிள்ளைகள் படித்தவைதானே என்று இவற்றை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால், ஒருவர் தம் வாழ்நாளில் படித்தவற்றுள் கடைசிவரை உடன் வருபவை இவைதான் என்பதை, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். தேர்வுக்காக உருப்போட்ட செய்யுளை மறந்துவிட்ட என் பழைய மாணவர்கள், வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட கேள்விகளை இன்றும் பிசகாமல் சொல்கிறார்கள். மந்திரமும் மாயமும் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு வழக்கை முன்வைக்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அரசனின் தலை வெடித்துச் சிதறும், திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். இவர்களுள் பெருந்தன்மை மிக்கவர் யார், இந்தச் சாவுக்கான பழி யாரைச் சேரும் என்று அரசன் சொல்வதற்கு முன்பே, கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை தனக்குள் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அரசன் வேறு தீர்ப்புச் சொன்னால் பல நாள்கள் அதனோடு வாதாடவும் செய்கிறது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தம் கதாசரித்சாகரத்தில் எழுதி வைத்த இக்கதைகளின் வழிவந்தவை, 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவின் பக்கங்களில் ஏறி எங்கள் தலைமுறையை வந்தடைந்ததற்கு அந்த வாதாட்டமே காரணம் என்பது என் துணிபு.

அச்சில் வருவதற்கு முன்பும் இந்த மண்ணில் கதைக்குக் குறைவிருந்ததில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட, வீட்டின் உள்முற்றமான வளவில் பிள்ளைகளைப் படுக்க வைத்து, ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் உடலில் உயிரை ஒளித்து வைத்த அரக்கனின் கதையைச் சொன்னவர்கள் அப்பத்தாமார்களும் ஆயாமார்களும். அக்கதைகளில் அச்சம் இருந்தது. சொல்பவரின் மடியும் அருகில் இருந்தது. இன்றைய பெற்றோர் பலர் அந்த அச்சத்தை நீக்கிவிட்டுச் சொல்லவே விரும்புகிறார்கள். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது என்றாலும், அரக்கனே இல்லாத கதையில் இளவரசனின் துணிவுக்கு என்ன வேலை இருக்கிறது?

இப்படிக் கதையை மென்மையாக்குவது புதிய வழக்கமன்று. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். உலகம் முழுவதும் பிள்ளைகள் அறிந்திருப்பது மாற்றாந்தாயைத்தான். இந்த மாற்றம் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம், பழைய பதிப்பை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள் என்பது ஒன்றே. நம் தாத்தா பாட்டியர் படித்த நல்லதங்காளும், மதனகாமராசனும், பஞ்சதந்திரமும் எந்த வடிவில் இருந்தன, யார் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று நாளை ஒருவர் கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு அந்தத் தாள்கள் இருக்க வேண்டாமா?

இதை நாம் செய்யத் தவறுவது மற்ற ஊரார் தவறுவதைவிடப் பெரிய குறை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்த இராயவரம் நம் பக்கத்து ஊர். சென்னையில் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர் அவர். அவருக்குத் தம் பதிப்பகத்தில் இளம் வயதிலேயே வேலை தந்த சக்தி வை. கோவிந்தனும் அதே ஊர்க்காரர்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியதும், அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றதும் பலரும் அறிந்தவை. கோட்டையூரில் தனி மனிதர் ஒருவரால் இயன்றது, நாமெல்லாம் சேர்ந்தால் இயலாதா?

ஆகவே, வீட்டைத் திறக்கும் குடும்பத்தாரிடம் என் வேண்டுகோள் இது: பழைய பேப்பர்காரரை அழைப்பதற்கு முன், சிறுவர் இதழ்களையும் கதைப் புத்தகங்களையும் தனியே எடுத்து வைத்து, ஏதேனும் ஓர் ஆய்வு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பொது நூலகத் துறையினர், காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தையாவது இவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடமாக அறிவிக்க வேண்டும். பெற்றுக்கொண்டவற்றை மின்படியாக்கிய பின் நகல்களைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் படிக்கத் தர வேண்டும். தங்கள் நாளிதழும் சிறுவர் பகுதியில் வாரம் ஒரு பழைய கதையை, அது முதலில் வந்த இதழின் பெயரோடும் ஆண்டோடும், உரியவர் ஒப்புதல் பெற்று வெளியிட்டால், தம்மிடமும் அவ்விதழ் இருப்பதாக எழுதும் வாசகர்கள் கிடைப்பார்கள். அட்டை கிழிந்தது, பக்கம் குறைந்தது என்று எதையும் ஒதுக்க வேண்டாம். குறைந்த பக்கம் வேறொரு வீட்டிலுள்ள பிரதியில் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
காரைக்குடி.