மூடியின் நான்கு மூலைகளுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்துத் தோட்டங்களில் நாங்கள் வைத்த மழைப்பதிவுப் பெட்டிகள் இந்த வடகிழக்குப் பருவமழையை முழுவதுமாகத் தாங்கிவிட்டன. உள்ளே ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. வந்த பாராட்டெல்லாம் சர்க்யூட் போர்டுக்கும் அதை இயக்கும் நிரலுக்கும் போகிறது. போகட்டும். பெட்டியைக் காப்பாற்றியவை மூடியின் நான்கு மூலைகளுக்கும் அடியில், பெட்டியின் உடலில் புதைந்திருக்கும் பித்தளை இன்சர்ட்டுகள். உள்ளே மரை வெட்டிய சின்னக் குழாய்கள் அவை; சூடேற்றிப் பிளாஸ்டிக்கில் இறக்கிவிட்டால் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைத் தொடாமல் பித்தளையில் ஏறும். அவற்றை அங்கே உட்காரவைத்தவர்களில் பாதிப் பேர் தங்கள் பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மீதிப் பாதியின் பெயரை மட்டும் போட்டால் நன்றாயிருக்காது. ஆகவே பெயரில்லாமலே இந்த மடல். படிப்பவர்களுக்குத் தங்களை அடையாளம் தெரியும்.

பேட்டரியை மாற்றவும் மெமரி கார்டை எடுக்கவும் மாதந்தோறும் மூடியைத் திறந்தாக வேண்டும். பெட்டியோ 3டி பிரின்டரில் அடுக்கடுக்காக அச்சிட்டது. அந்தப் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவை நேரடியாக ஏற்றினால் முதல் சில தடவை நன்றாகத்தான் பிடிக்கும். எம்3, அதாவது 3 மி.மீ. தடிமனுள்ள ஸ்க்ரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.5 மி.மீ. எங்கள் இயந்திரம் அச்சிடும் ஓர் அடுக்கின் உயரம் 0.2 மி.மீ. ஆக ஒரு மரையைத் தாங்க இருப்பது இரண்டரை அடுக்கு பிளாஸ்டிக். அடுக்குகள் எந்தத் திசையில் எளிதாகப் பிரியுமோ அதே திசையில்தான் ஸ்க்ரூவும் இழுக்கிறது. கழற்றிக் கழற்றி மாட்டினால் மரை பொடியாக உதிர்ந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றும். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையம் ஒரு மூலையில் அழுந்தாமல் போனால் மழைக்கு அது போதும்.

முதல் நன்றி கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு. இன்சர்ட்டை அவரிடம் காட்டியதும் ஒன்றும் பேசாமல் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, அதைக் கண்ணுக்கு அருகில் வைத்து உருட்டிப் பார்த்தார். வெளிப்புறத்தில் நர்லிங், அதாவது சொரசொரப்பான பற்கள், இரண்டு வரிசை. மேல் வரிசைப் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கீழ் வரிசைப் பற்கள் எதிர்ப்பக்கம். நடுவில் ஒரு பள்ளம். உருகிய பிளாஸ்டிக் அந்தப் பள்ளத்தில் புகுந்து இறுகிவிட்டால் மேலே இழுத்தாலும் வராது, எதிரெதிராகச் சாய்ந்த பற்கள் சுற்றவும் விடாது என்று அவரே விளக்கினார். இன்சர்ட்டைப் பற்றி அவரிடம் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தேன்!

சால்டரிங் அயர்னின் கூம்பு டிப்பை இன்சர்ட்டுக்குள் விட்டால் அது மரையில் சிக்கிக்கொள்ளும், வெளியே எடுக்கும்போது இன்சர்ட்டும் கூடவே வந்துவிடும் என்பதையும் பார்த்தவுடன் சொன்னவர் அவர்தான். பித்தளைக் கம்பி ஒன்றை லேத்தில் ஏற்றி, நுனியை 2.4 மி.மீ. தடிமனுக்குக் கடைந்து, அதன் மேலே இன்சர்ட்டின் தலையில் தட்டையாக உட்காரும்படி ஒரு தோள் விட்டுக் கொடுத்தார். எம்3 மரையின் உள்விட்டம் ஏறக்குறைய 2.5 மி.மீ. என்பதால் நுனி உரசாமல் இறங்கும். கூலி கேட்டதற்கு, அடுத்த டிப் கடையும்போது சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் வாங்கவே மாட்டார் என்று பட்டறைப் பையன் சிரித்தான்.

காந்திபுரத்தில் மொபைல் பழுதுபார்க்கும் தம்பி, வெப்பநிலையை நாமே வைத்துக்கொள்ளக்கூடிய சால்டரிங் அயர்னை இரவலாகக் கொடுத்தார். வியாபாரம் நடக்கும் கடையிலிருந்து கருவியைத் தூக்கிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் அச்சிடும் பெட்ஜி (PETG) வகைப் பிளாஸ்டிக்குக்கு 240 டிகிரி அளவில் வைத்து, அழுத்தாமல் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்த பாடம். துளையின் வாயில் இன்சர்ட் முதலில் சற்றே சாய்ந்து நிற்கும். சில விநாடிகள் ஒன்றும் நடக்காது. அவசரக்காரர்கள் அழுத்துவது அப்போதுதான், கோணல் விழுவதும் அப்போதுதான். பித்தளை முழுக்கச் சூடேறியதும் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விளிம்பு பளபளக்கத் தொடங்கும். பிறகு அயர்னின் எடைக்கே, தேர் நிலைக்கு வருவதுபோல் மெதுவாக இறங்கும். பத்தில் ஒன்பது பங்கு இறங்கியதும் அயர்னை எடுத்துவிட்டு, எஃகு ஸ்கேலைத் தட்டையாக வைத்து மீதியை அழுத்தி, பிளாஸ்டிக் இறுகும்வரை கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். ஈயம் பற்றவைக்கும் டிப்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது என்றும் அவர் எச்சரித்தார். ஈயத் துணுக்கு மரையில் ஒட்டினால் ஸ்க்ரூ ஏறாது.

வரைபடம் முழுவதும் இயந்திரவியல் படிக்கும் தங்கையின் உழைப்பு. நாங்கள் வாங்கியது 5.7 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள இன்சர்ட், அதற்குத் துளை 4 மி.மீ. கணினியில் 4 என்று போட்டால் அச்சில் 4 வருவதில்லை. உள்வட்டத்தில் பிளாஸ்டிக் இழை உட்பக்கமாக இழுபடுவதால் துளை சற்றுச் சுருங்கும். ஆகவே அளவை இம்மியிம்மியாகக் கூட்டி ஒரே பட்டையில் பல துளைகளை அச்சிட்டு, வெர்னியரால் அளந்து, ஒவ்வொன்றிலும் இன்சர்ட்டை இறக்கிப் பார்த்த பிறகே பெட்டியைத் தொட்டார். துளை இறுக்கமாக இருந்தால் வழியும் பிளாஸ்டிக் மேலே பிதுங்கும். தளர்வாக இருந்தால் பற்களுக்குக் கடிக்க ஒன்றும் இருக்காது. துளையைச் சுற்றி நான்கு சுற்று பிளாஸ்டிக் இழைச் சுவர், அதாவது 1.8 மி.மீ. அளவுக்குக் கெட்டிப் பிளாஸ்டிக். அடியில் வழியும் பிளாஸ்டிக்குக்கும் ஸ்க்ரூ நுனிக்கும் இடம்.

அவர் செய்த இன்னொன்று எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. மூடியில் ஸ்க்ரூ நுழையும் துளையை 3.4 மி.மீ. என்று குறுக்கி வைத்தார். அங்கே துளை இன்சர்ட்டைவிட அகலமாக இருந்தால், முடுக்க முடுக்க ஸ்க்ரூ இன்சர்ட்டை அந்தத் துளை வழியாக மேலே பிடுங்கிவிடும். துளை சிறிதாக இருந்தால் மூடி நேராகப் பித்தளையின் தலையில் அமர்ந்து அதை எழும்ப விடாது. இவ்வளவு எளிதான விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 3டி அச்சில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ (PLA) பிளாஸ்டிக் வேண்டாம், பெட்ஜி போதும் என்று வாதாடியவரும் அவரே. பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும், பெட்ஜி 80 வரை தாங்கும். சித்திரை வெயிலில் தோட்டத்துக் கம்பத்தில் மூடிய பெட்டி எவ்வளவு சூடாகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அலமாரி டிராயருக்குப் போடும் சேனல் ஒன்றை மரப்பலகையில் செங்குத்தாகப் பொருத்தி, அயர்ன் கோணாமல் இறங்கும்படி தாங்கி செய்து கொடுத்த தச்சு ஆசாரி ஐயாவுக்கு நன்றி. அதில் உட்கார்ந்து பெரும்பாலான இன்சர்ட்டுகளை இறக்கியவர் தையற்கடை அக்கா. பட்டன் தைத்த கை, பதற்றமே கிடையாது. ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லி எங்களை அதட்டியவரும் அவர்தான்.

முகம் தெரியாதவர்களும் உண்டு. விலை மலிந்த இன்சர்ட்டையும் விலை கூடியதையும் இழுத்தும் முறுக்கியும் சோதித்து யாரும் பார்க்கும்படி வெளியிட்ட ஜெர்மானியர் ஸ்டெஃபான் ஹெர்மன். தங்கள் 3டி அச்சு இயந்திரங்களின் பாகங்களை இன்சர்ட்டோடு வடிவமைத்து, வரைபடங்களை இலவசமாகத் தந்த வோரான் குழுவினர். 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் தன் பாகங்களைத் தானே அச்சிடும் 3டி இயந்திரத்துக்கான ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கி, வீட்டு மேசையில் இப்படி ஓர் இயந்திரம் நிற்க வழிசெய்த ஏட்ரியன் போயர். பித்தளைச் சிறுபாகங்களுக்குப் பேர்பெற்ற குஜராத்தின் ஜாம்நகரில், எங்களுக்கு இன்சர்ட் கடைந்து அனுப்பிய பட்டறைத் தொழிலாளர்கள். இவர்களுக்கு இந்த மடல் போய்ச்சேராது, ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

பெட்டியின் வரைபடத்தை யார் கேட்டாலும் தருகிறோம். மீந்துபோன இன்சர்ட்டுகள் மொபைல் கடைத் தம்பியிடம் ஒரு டப்பாவில் இருக்கின்றன. வேண்டுவோர் தங்கள் பாகத்தைக் கொண்டுபோய் அங்கேயே உட்கார்ந்து இறக்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். லேத் அண்ணன் கடைந்த டிப்பை மட்டும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அன்புடன்,
மழைப்பதிவுப் பெட்டிக் குழுவுக்காக