கொடிமலை ஹோட்டலில் ஆள் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பில் பினாங்கு கொடிமலையின் (பினாங்கு ஹில்) பழைய கிரேக் ஹோட்டலைப் பற்றி 'பேய் பங்களா' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. எழுதியவர் மலைக்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. ஆனால் வெள்ளைக்காரர்கள் போன பிறகு அங்கே ஆள் நடமாட்டமே நின்றுபோனது, இப்போது பேய்தான் குடியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அங்கே ஆள் இருந்தார்கள், ஐயா. என் தாய்மாமன் இருந்தார்.

1955 முதல் 1977 வரை அந்தக் கட்டடம் அப்லண்ட்ஸ் பள்ளியாக இருந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தோட்டத் துரைமார்களின் சங்கம் அவர்கள் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த விடுதிப் பள்ளி அது. 1957-ல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் இருபது வருடம் அங்கே பாடம் நடந்திருக்கிறது. பிள்ளைகள் படித்தால் சமைக்க ஆள் வேண்டும், துணி துவைக்க ஆள் வேண்டும், புல் வெட்ட ஆள் வேண்டும். இத்தனை பேரையும் விட்டுவிட்டு "யாரும் இல்லை" என்று எழுத எப்படி முடிந்தது?

மாமாவுக்குத் தோட்ட வேலை என்றுதான் பேர். ஆனால் விடுமுறைக்குப் பிள்ளைகள் கிளம்பியதும் தரைக்கு மெழுகு போடுவதும் அவர்தான். காய்ந்த தேங்காயைப் பாதியாகப் பிளந்து, அந்த மட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, சுவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து முன்னும் பின்னுமாக இழுத்துத் தேய்ப்பார். சிறுவனாக இருந்தபோது என்னையும் அழைத்துப் போயிருக்கிறார். அடிவாரத்தில் ரயில் ஏறி, நடு நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாறிப் போவோம். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நிற்பேன், உள்ளே வரக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். அவர் தேய்த்து முடித்த இடத்தில் ஜன்னல் கம்பி தெரியும். அந்தத் தரையைத்தான் உங்கள் கட்டுரையாளர் உடைந்து கிடக்கிறது என்று வர்ணித்திருக்கிறார். உடைந்திருக்கலாம். யார் கால் அதில் தேய்ந்தது என்றும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் அப்பா தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். எங்கள் பள்ளிக்கூடம், தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. ஒரே வாத்தியார், ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று 1923-லேயே தொழிலாளர் சட்டம் வந்தும் எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். துரை வீட்டுப் பிள்ளைக்கு மலை உச்சியில் குளிர்ந்த காற்றும் புல்வெளியும், பால் வெட்டுகிறவன் பிள்ளைக்குத் தகரக் கொட்டகை. கிரேக் ஹோட்டலின் வரலாற்றில் இதற்கு இடம் இல்லையென்றால் வேறு எதற்கு இடம்?

கிரேக் ஹோட்டலை நடத்திய சார்கிஸ் சகோதரர்களுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறீர்கள். சரி, அவர்கள் பெரிய ஆட்கள்தான். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், சிங்கப்பூரின் ராபிள்ஸ், ரங்கூனின் ஸ்டிராண்ட் ஹோட்டல்கள் எல்லாம் அந்த ஆர்மீனியக் குடும்பத்தின் கைவண்ணம், மறுக்கவில்லை. ஆனால் மலை ரயில் ஓடத் தொடங்கியதே 1923-ல்தான். அதற்கு முன்பே அங்கே ஹோட்டல் இருந்ததே, விருந்தாளிகள் எப்படி மேலே போனார்கள்? குதிரையில் போனவர்கள் போக, மற்றவர்களை டோலியில் வைத்து மனிதர்கள்தான் தூக்கிப் போனார்கள். மலையில் இருக்கும் அருளொளி திருமுருகன் ஆலயம், அங்கே இருந்த சிப்பாய்களும் டோலி தூக்கியவர்களும் வைத்து வணங்கிய சிறு சன்னதியிலிருந்து வளர்ந்தது என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். உங்கள் கட்டுரையாளர் அந்தக் கோயிலைத் தாண்டாமல் திரும்பியிருக்க மாட்டார். ஒரு வரி எழுதவில்லை.

இது இன்று நேற்று நடப்பதா என்ன. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802-ல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் கூட இருந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் கப்பலேற்றி அனுப்பியது இந்தப் பினாங்குக்குத்தான். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளை வைத்து இந்தத் தீவில் சாலைகள் போட்டார்கள். நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் பெயர் தெரியும், துரைச்சாமி பெயர் தெரியாது. ஆங்கிலப் பத்திரிகை இதை எழுதாமல் விட்டால் நான் கோபப்பட மாட்டேன். தமிழ்ப் பத்திரிகையும் விட்டுவிட்டால் நாங்கள் எங்கே போய்ச் சொல்வது?

2014-ல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழு வந்து அதே கட்டடத்தைப் பழுது பார்த்து, சாயம் பூசி, சிம்லா மாதிரி மாற்றிப் படம் எடுத்தது. அதற்கு நீங்கள் கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தியே போட்டிருக்கிறீர்கள். சிம்லாவாக வேடம் போட்ட கதைக்கு இடம் இருக்கிறது, கொடிமலையாகவே இருந்த கதைக்கு இடம் இல்லை. 2021-ல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தபோதும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். மரத்தையும் குரங்கையும் பற்றி எழுதினீர்கள், நல்லதுதான். அப்போதே மலையில் வேலை செய்த குடும்பங்களைப் பற்றி நான் ஒரு கடிதம் போட்டேன். பாதியாக வெட்டிப் போட்டீர்கள், அந்தக் குடும்பங்களைப் பற்றிய பாதி போய்விட்டது. இடநெருக்கடி என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த ஒரு வரியைத் திருத்தி, 1977 வரை அங்கே பள்ளி நடந்தது, பலர் வேலை செய்தார்கள் என்று அடுத்த ஞாயிறு போடுங்கள். பேய் பங்களா என்ற தலைப்பை இனி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், கொடிமலையில் வேலை பார்த்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ யாரிடமாவது பழைய படம், சம்பளச் சீட்டு இருந்தால் அனுப்பச் சொல்லி மூலையில் ஒரு சின்ன அறிவிப்புக் கொடுங்கள். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மாமா அந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்கிற படம் ஒன்று அவர் மகளிடம் இருக்கிறது. நகல் எடுத்து நானே உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன். அசலைத் தர மாட்டாள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு